பேசக்கூடாத கோச்: கேன்சஸ் அணியின் 1922–23 சீசன் – ஒரு நிகழ்வு ஆய்வு

## ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1922–23 சீசனில் 18 ஆட்டம் ஆடி 17 வென்றது. தான் இருந்த கான்ஃபரன்ஸில், அதாவது அந்த வட்டாரக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் லீக்கில், 16க்கு 16. அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் என்ற பட்டமும் பின்னாளில் வந்து சேர்ந்தது. எண்களைப் பார்த்துவிட்டு ‘பெரிய கோச், பெரிய டீம்’ என்று நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கோச்சுக்கு ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்க அனுமதி இல்லை. டைம் அவுட்டில்கூடக் கிடையாது. அப்படியானால் அவர் செய்த வேலை என்ன, அதை எப்போது செய்தார், களத்தில் அது எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

வீரர்களைப் பெயர் சொல்லாமல் அவர்கள் ஆடிய இடத்தை வைத்தே குறிப்பிடுகிறேன். கோச்சும், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரும் மட்டும் பெயரோடு வருகிறார்கள். அவர்கள் இருவருக்கும் இடையே இருந்த கருத்து வேறுபாட்டைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது.

## பின்னணி: ஒரே வளாகத்தில் இரண்டு கருத்து

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தை உருவாக்கினார். 1898இல் லாரன்ஸ் ஊரிலுள்ள கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வழிபாட்டுக்கூடப் பொறுப்பும் உடற்கல்வியும்தான் அவருக்குத் தரப்பட்ட வேலை. அணியைப் பார்த்துக்கொண்டது அதோடு ஒட்டி வந்தது. 1907 வரை அவர் பொறுப்பில் அணி 55 வென்றது, 60 தோற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச்சுகளில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே ஆள், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். இதை நகைச்சுவையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. குளிர்காலத்தில் பையன்கள் உடம்பை அசைக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் அவர் இதை உண்டாக்கினார். ஜெயிப்பதற்குத் தனியாக ஒரு கல்வி வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

அவரிடம் ஆடிய மாணவர்களில் ஒருவர் ஃபாரஸ்ட் ஆலன். பேஸ்பால் நடுவராக இருந்தபோது, மூடுபனியில் கப்பல்கள் ஊதும் சங்கைப் போல ஒலித்த குரலால் ‘ஃபாக்’ என்ற பட்டப்பெயர் வந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரியான பேக்கர் அவரைக் கோச்சாகக் கேட்டபோது நெய்ஸ்மித், கூடைப்பந்தைப் பயிற்றுவிக்கவெல்லாம் முடியாது, சும்மா ஆட வேண்டியதுதான் என்று சொன்னதாக இன்றுவரை சொல்கிறார்கள். ஆலன் கேட்கவில்லை. 1907 முதல் 1909 வரை கேன்சஸ் அணியையும் பார்த்துக்கொண்டார். அப்புறம் ஆஸ்டியோபதி என்னும் எலும்பு-தசை வைத்தியம் படித்து 1912இல் பட்டம் வாங்கி, மிசௌரி மாநிலத்தின் வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் சில ஆண்டு கோச்சாக இருந்துவிட்டு, 1919இல் விளையாட்டுத் துறை இயக்குநராக லாரன்ஸுக்குத் திரும்பினார்.

திரும்பியபோது அவர் கூடைப்பந்து கோச் இல்லை. அதற்கு வேறொருவர் இருந்தார். ஒரே ஒரு ஆட்டம் முடிந்ததும் அவர் ஓட்டப்பந்தய அணியைக் கவனிக்க வேண்டுமென்று ஒதுங்கிக்கொள்ள, ஆலன் அணியை எடுத்துக்கொண்டார். கேன்சஸின் கூடைப்பந்து வரலாற்றையே மாற்றிய முடிவு ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் தொடங்கியது.

## அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது

இன்றைய ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு 1923ஐப் படித்தால் எதுவும் புரியாது. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்து நடுவட்டத்துக்குப் போகும். சென்டர் எனப்படும் இரு அணிகளின் நடு ஆட்டக்காரர்களுக்கும் இடையே நடுவர் தூக்கிப் போடுவார். கூடை போட்ட அணியே திரும்பத் திரும்பப் பந்தை எடுக்க வாய்ப்பு உண்டு. இந்த முறை 1937 வரை இருந்தது. பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையில் வைத்திருக்கலாம்; ஷாட் கடிகாரம் இல்லை, பாதிக் களத்தை 10 விநாடிக்குள் தாண்ட வேண்டும் என்ற விதியும் இல்லை. நான்கு ஃபவுல் ஆனால் வெளியே. ஃபவுலால் அல்லாமல், ஆள் மாற்றத்தில் வெளியே போன வீரர் ஒரே ஒரு முறை திரும்ப வரலாம். அதுவும் 1920–21இல்தான் வந்த சலுகை. அதே சமயத்தில்தான் கூடைப் பலகையைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பு சுவரில் கால் வைத்து ஏறிக் கூடை போட்ட புத்திசாலிகள் இருந்திருக்கிறார்கள்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தோல் பந்து. உள்ளே காற்றுப் பையைத் திணித்து, வெளியே ஷூவைக் கட்டுவதுபோல் கயிறு கோத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டு தரையில் பட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தட்டித் தட்டிக் கொண்டுபோவதைவிடக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவதே பத்திரம். ஸ்கோர் 20ஐச் சுற்றியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிரணி ஃபவுல் செய்ததற்காகத் தடையில்லாமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவை, அந்த ஃபவுலுக்கு ஆளானவர்தான் போட வேண்டும் என்பதில்லை. அணிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அவரையே போடச் சொல்லலாம். 1923–24இல் இது மாறியது. ஆக, நாம் பார்க்கும் சீசன் பழைய முறையின் கடைசி ஆண்டு.

இவை எல்லாவற்றையும்விட இந்த ஆய்வுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. 1910–11 முதல், ஆட்டம் நடக்கையில் அணியைச் சேர்ந்த யாரும் வெளியிலிருந்து வீரர்களுக்கு யோசனை சொல்லக்கூடாது. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட்டில் கோச் வீரர்களிடம் பேசலாம் என்ற அனுமதி 1948–49இல்தான் வந்தது. மூடுபனிச் சங்கு போன்ற குரலுள்ள மனிதர் 20 நிமிடப் பாதி ஒன்று முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

## கவனித்தவை: 1919 முதல் 1922 வரை

முதல் இரண்டு ஆண்டும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1919–20இல் 11 வெற்றி, 7 தோல்வி. அடுத்த ஆண்டு 10–8. மூன்றாம் ஆண்டில் 16–2. அந்த ஆண்டு மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில் கேன்சஸும் பக்கத்து மாநிலத்து மிசௌரி பல்கலைக்கழகமும் 15–1 என்று சமமாக முடித்துப் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

இந்த ஏற்றத்தை ஒரே நட்சத்திரத்தின் கணக்கில் எழுதிவிடலாமா? 1922 அணியின் கேப்டன் நல்ல ஸ்கோரரான ஒரு ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். அந்தச் சீசனோடு அவருடைய காலம் முடிந்தது. அவர் போன பிறகு அணி இன்னும் பலமானது. எனவே காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

1922 வசந்தத்தில் யார் உட்கார்ந்து அலசியிருந்தாலும் அவர்களுக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்கும். கான்ஃபரன்ஸில் உண்மையான எதிரி ஒருவர்தான், மிசௌரி. பட்டம் அந்த இரண்டு ஆட்டங்களில் தீர்மானமாகும்; மற்ற 14 ஆட்டத்தில் ஒன்றில் வழுக்கினாலும் அந்த இரண்டும் வீண். மூன்றாவது, அணியில் மிச்சமிருந்த பலம் பின்வரிசையில், அதாவது இரண்டு கார்டுகளிடம் இருந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கேப்டன் தேர்வு. 1923க்கான கேப்டன் ஒரு கார்டு. லாரன்ஸிலேயே வளர்ந்தவர், உள்ளூர் ஒய்எம்சிஏவில் பந்தைத் தொட்டவர், பொறியியல் மாணவர். ஐந்தடி பத்து அங்குலம். அன்றைக்கும் அது பெரிய உயரமில்லை. கோச் வாய் திறக்க முடியாத ஆட்டத்தில் கேப்டன் பதவி அலங்காரமில்லை. டைம் அவுட் எப்போது கேட்பது, பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதா வேகமாகப் போவதா, எதிரணியின் எந்த ஆளை யார் பார்ப்பது, எல்லாம் களத்திலேயே தீர்மானமாக வேண்டும். அதற்குக் கோல் அடிப்பவரைவிட ஆட்டத்தைப் பின்னாலிருந்து பார்ப்பவரே பொருத்தம். மற்ற ஒன்பது பேரும் கார்டின் கண்ணுக்கு முன்னால் இருப்பார்கள்.

பின்வரிசையை அச்சாக்கியது. அக்காலத்தில் இரண்டு கார்டுகளில் ஒருவர் தன் கூடையைவிட்டு நகராமல் காவல் நிற்பதும் இன்னொருவர் மேலே ஏறிப்போவதும் பொது வழக்கம். கேன்சஸின் இரு கார்டுகளும் பந்தைப் பறிப்பதிலும் தேர்ந்தவர்கள், முன்னே கொண்டுபோவதிலும் தேர்ந்தவர்கள். தாக்குதல், இரண்டாமாண்டு மாணவரான ஒரு ஃபார்வர்டு உட்பட முன்வரிசையை நம்பியிருந்தது. முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாத காலம் அது. அந்தப் பையனுக்கு இது முதல் சீசன். அனுபவமில்லாத முன்வரிசைக்கு நிறைய ஸ்கோர் செய்ய வேண்டிய பாரம் வராதபடி, எதிரணியின் ஸ்கோரைக் குறைப்பது. கணக்கு நேரானது. 20 புள்ளியில் தீரும் ஆட்டத்தில், தடுக்கப்பட்ட இரண்டு கூடை என்பது ஐந்தில் ஒரு பங்கு.

பயிற்சி. ஆட்டத்தன்று பேச முடியாதென்றால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே உடம்பில் ஏற்றிவிட வேண்டும். ஆலனின் முறை அடிப்படைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது: பாஸ் கொடுக்கும் கோணம், காலடி, தன் ஆளுக்கும் கூடைக்கும் நடுவே நிற்பது. வைத்தியம் படித்தவர் என்பதால் வீரர்களின் கால், கணுக்கால், தசைப்பிடிப்பையும் அவரே பார்த்தார். அணியில் முன்பு ஆடிய ஒருவர் உதவிக் கோச்சாகக் கூடவே இருந்தார். தன் முறைகளை ஆலன் 1924இல் புத்தகமாகவே வெளியிட்டார். பயிற்றுவிக்கவே முடியாது என்று சொன்ன ஆசிரியர் அப்போதும் அதே வளாகத்தில் உடற்கல்விப் பேராசிரியர். இந்த வீரர்களில் சிலர் பகலில் அவரிடம் பாடம் கேட்டுவிட்டு மாலையில் இவரிடம் பயிற்சிக்குப் போனவர்கள்.

யாருடன் ஆடுவது. 18இல் 16 ஆட்டம் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே. ஒன்பது கல்லூரி: கேன்சஸ், மிசௌரி, கேன்சஸ் வேளாண் கல்லூரி, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா, அயோவா ஸ்டேட், டிரேக், கிரினெல், செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஒவ்வொன்றோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ரயிலில்தான் பயணம். கிழக்குக் கடற்கரை அணிகளைத் தேடிப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை. புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான், ஆனால் இதன் விளைவு கடைசியில் வந்து இடிக்கிறது.

## சீசனின் போக்கு

ஒரே தோல்வி கான்ஃபரன்ஸுக்கு வெளியே, கேன்சஸ் சிட்டி அதலெட்டிக் கிளப்பிடம். மாணவர் அணி அல்ல அது. படிப்பு முடித்த, கைதேர்ந்த ஆட்களின் கிளப். 1921இல் தேசிய அமெச்சூர் பட்டம் வென்றிருந்தது, 1923இலும் அதையே வென்றது. தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அந்தச் சீசனில் கேன்சஸ் சந்தித்த அணிகளில் நாடு தழுவிய ஒரு போட்டியில் உண்மையாகவே ஜெயித்த அணி அது ஒன்றுதான்.

கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பற்றி விரிக்க அவசியமில்லை. ஒழுங்காக ஜெயித்தார்கள். ஒழுங்காக ஜெயிப்பதும் சின்ன விஷயமல்ல என்றாலும், படிக்க வேண்டியது மிசௌரியுடனான இரண்டு ஆட்டங்களில் இருக்கிறது.

ஜனவரியில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா ஊரில், மிசௌரியின் சொந்த அரங்கில், 21–19. பிப்ரவரி இறுதியில் லாரன்ஸின் ராபின்சன் ஜிம்னேசியத்தில் 23–20. இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் 5 புள்ளி. மிசௌரி அந்த ஆண்டு கான்ஃபரன்ஸில் 14–2. தோற்ற இரண்டும் இவைதான். அந்த ஐந்து புள்ளி மறுபக்கம் விழுந்திருந்தால் இந்த ஆய்வை மிசௌரியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

## கடைசி நிமிடங்கள்

மிசௌரியுடனான மோதலைப் பற்றி லாரன்ஸில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. கேன்சஸ் மயிரிழையில் முன்னிலை. நேரம் முடியப்போகிறது. மிசௌரி வீரர் பந்தைப் பிடிக்கிறார். கேன்சஸ் கேப்டன் பாய்ந்து அதே பந்தை இரண்டு கையாலும் பற்றிக்கொள்கிறார். இருவரும் விடவில்லை. விசில். ஜம்ப் பால். நடுவர் இருவருக்கும் நடுவே பந்தைத் தூக்கிப் போடுகிறார். தாவல், தட்டல், மறுபடியும் யாரோ ஒரு மிசௌரிக்காரர் கையில் பந்து, மறுபடியும் இவர் அதன் மேல். இப்படித் தொடர்ந்து 16 தடவை என்கிறது கதை. முடிந்தபோது கேப்டனால் நிற்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள்.

16 என்பது எண்ணிச் சொன்னதா, சொல்லிச் சொல்லி வளர்ந்ததா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பத்தே தடவை என்றாலும் எனக்குப் போதும். இதை வீரத்தின் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் விதியின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

இன்றைய கல்லூரி ஆட்டத்தில் இரண்டு பேர் பந்தைப் பிடித்து இழுத்தால் அடுத்த முறை யாருடைய பந்து என்று அம்புக்குறி பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அன்று ஒவ்வொரு தடவையும் ஜம்ப். அதாவது, பந்தை இழந்த அணிக்கும் உடனே பாதி வாய்ப்புத் திரும்பக் கிடைக்கும். எதிரணி கூடையை நோக்கி ஓட்டமெடுக்க முடியாது. எல்லாரும் நின்று, இடம்பிடித்து, மேலே பார்க்க வேண்டும். பின்தங்கிய அணிக்கு வேண்டியது வேகம். இந்த ஆள் அதைத்தான் ஒவ்வொரு விசிலிலும் பறித்துக்கொண்டிருந்தார். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியிருந்தால் ஆபத்து அதிகம்: ஃபவுல் ஆகலாம்; அப்படி ஆகிவிட்டால் ஃப்ரீ த்ரோ போட மிசௌரியின் ஆகச்சிறந்த கை வரும். இறுக்கிப் பிடித்துக்கொண்டால் ஃபவுலும் இல்லை, ஓட்டமும் இல்லை. விதியைக் கரைத்துக் குடித்த ஒருவரின் நிதானமான தேர்வாகவே எனக்கு இது படுகிறது. அதைச் செய் என்று அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

பயிற்றுவிக்கலாமா கூடாதா என்ற வாதத்தில் இது யார் பக்கம்? ஆலன் பக்கம் என்று சட்டென்று சொல்லிவிட மனம் வரவில்லை. கையைப் போடும் கோணமும் காலடியும் பயிற்சியில் வந்தவை. இந்த நேரத்தில் இதைச் செய்யலாம் என்று பட்டதே, அது சின்ன வயதிலிருந்து ஒய்எம்சிஏ தரையில் சும்மா ஆடி ஆடி வந்தது. நெய்ஸ்மித் சொன்னதும் பாதி சரிதான். அவரும் பின்னாளில் இந்தக் கேப்டனைத் தான் பார்த்த மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் வைத்துப் பேசியிருக்கிறார்.

## விளைவுகள்

கான்ஃபரன்ஸ் பட்டம் பங்கில்லாமல் கிடைத்தது. 1922இல் தொடங்கி 1927 வரை ஆறு ஆண்டும் மிசௌரி வேலி பட்டம் கேன்சஸிடமே இருந்தது. ஃப்ரீ த்ரோ விதி மாறிய அடுத்த சீசனில்கூட 16–3. ஆக, அணியின் பலம் ஒரே ஒரு விதியில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

தேசிய சாம்பியன் பட்டத்தின் கதை வேறு. 1923 மார்ச்சில் அப்படி ஒரு பட்டமே இல்லை. கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி நிலையாக வந்தது 1930களின் கடைசியில். 1922இல் இண்டியானாபொலிஸில் ஆறு கல்லூரிகளை வைத்து ஒரு முயற்சி நடந்தது. வாபாஷ் கல்லூரி வென்றது. கேன்சஸ் அதில் இல்லை. அமெச்சூர் தேசியப் போட்டியில் 1920இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் 1924இல் பட்லரும் கிளப் அணிகளைத் தாண்டி ஜெயித்திருக்கின்றன. அதாவது, களத்தில் ஜெயித்து வாங்கும் வழி குறுகலாகவாவது இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸிலுள்ள ஹெல்ம்ஸ் அறக்கட்டளை 1940களில் பழைய பதிவுகளைப் புரட்டி, ஆண்டுவாரியாகச் சாம்பியன்களை அறிவித்தது. 1922, 1923 இரண்டும் கேன்சஸுக்கு. 1923இன் சிறந்த வீரர் இந்தக் கேப்டன். 1924இன் சிறந்த வீரர், கூட ஆடிய இன்னொரு கார்டு. ஒரே அணியின் இரண்டு பின்வரிசை ஆட்கள் அடுத்தடுத்து! பின்வரிசையைச் சுற்றி அணியைக் கட்டியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இன்னும் பல ஆண்டு கழித்து வேறு இரண்டு ஆய்வாளர்கள் அதே சீசன்களைத் தங்கள் முறையில் கணித்து 1922ஐ மிசௌரிக்கும், 1923ஐ 17க்கு 17 ஜெயித்த ராணுவக் கல்லூரி அணிக்கும் கொடுத்தார்கள். கேன்சஸும் ராணுவ அணியும் அந்தச் சீசனில் மோதவே இல்லை. கேன்சஸ் தன் அரங்கில் இரண்டு ஆண்டுக்கும் கொடி தொங்கவிட்டிருக்கிறது. தொங்கட்டும். 16–0 என்பது விவாதத்துக்கு இடமில்லாதது. தேசிய சாம்பியன் என்பது ஒரு மதிப்பீடு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதுதான் சிக்கல்.

இன்னொரு விளைவு யாரும் எதிர்பாராதது. அந்த அணியின் பெஞ்சில், படிப்புச் செலவுக்கு ஊர் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக்கொண்டே, அதிகம் களமிறங்காத ஒரு மாற்று கார்டு இருந்தார். 1930இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கோச்சாகி 1972 வரை இருந்து 876 ஆட்டம் ஜெயித்தார். களத்தில் ஆடியவர்களைவிடப் பெஞ்சில் உட்கார்ந்து கோச்சுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அதிகம் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. பேசாத கோச்சிடம் எப்போது கற்றார் என்று கேட்டால், பயிற்சி நேரத்தில் என்பதுதான் பதிலாக இருக்க முடியும்.

## மாற்றியிருக்கக்கூடியவை

கேப்டன் நிற்க முடியாமல் போகும்வரை அவரைக் களத்தில் வைத்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. பேசத்தான் தடை, ஆளை மாற்றத் தடை இல்லை. ஒருமுறை வெளியே வந்து திரும்பப் போகலாம் என்ற சலுகை கையில் இருந்தது. இரண்டாம் பாதியின் நடுவில் நான்கைந்து நிமிடம் உட்கார வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் முன்னிலை கரைந்துவிடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் கடைசிக் கட்டத்துக்கு வேறு ஆளே இல்லாத அணி, 16–0 என்று முடித்தாலும் ஒரு கணுக்கால் சுளுக்கு தூரத்தில்தான் இருந்தது.

பதிவேடு இன்னொன்று. கூடை, ஃப்ரீ த்ரோ, ஃபவுல் என்ற மூன்று பத்தியில் அன்றைய ஸ்கோர் ஷீட் முடிந்துவிடும். பந்தை இறுக்கிப் பிடித்தது, பாஸை இடைமறித்தது எதற்கும் பத்தி இல்லை. இந்தச் சீசனை ஜெயித்துக் கொடுத்த வேலையின் பெரும்பகுதிக்கு எழுத்துச் சான்று கிடையாது; கதைதான் மிச்சம். ஒரு மாணவரை ஓரமாக உட்கார வைத்துக் கோடு போடச் சொல்லியிருந்தால் 16ஆ, 10ஆ என்ற கேள்வியே வந்திருக்காது. கல்லூரி அணி நடத்துகிறவர்கள் இன்றும் ஒரு நோட்டோடு இதைச் செய்யலாம்; பணச் செலவு இல்லை.

கடைசியாக, யார் அணியில் இருந்தார்கள் என்பது. அன்று கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் படித்தார்கள். அணியில் இடம் கிடையாது. கான்ஃபரன்ஸ் முழுக்க அதே நிலைதான், ஆலனும் அதை மாற்ற முனையவில்லை. 1923இல் ‘நாட்டிலேயே சிறந்த அணி’ என்று சொல்லும்போது, நாட்டின் ஒரு பகுதியினரைத் தேர்வுக்கே அழைக்காமல் சொன்ன வார்த்தை அது. பத்து ஆண்டு கழித்து, 1933இல், ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் நெய்ஸ்மித்திடம் உடற்கல்வி படிக்க அங்கே வந்தார். அணியில் ஆட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கோச்சாகப் போய், டென்னசியில் ஒரு கறுப்பினக் கல்லூரி அணியைக் கொண்டு 1957, 1958, 1959 என மூன்று ஆண்டு தொடர்ந்து, பெரும்பாலும் சிறிய கல்லூரிகளைக் கொண்ட என்ஏஐஏ சங்கத்தின் தேசியப் போட்டியைக் களத்தில் ஆடியே ஜெயித்தார். கேன்சஸ் கூடைப்பந்து அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில்.